ஒரு பேணி பிளம்ஸ்

தர்மபுரத்துக் கடையொன்றில் அவர் பாண் வாங்கிய விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னாலே ஆளைப் பாதி சொன்ன மாதிரி. கடைக்காரர் பேக்கரிப் பாண் ஒன்றை ஒரு இறாத்தல் நிறை என்று சொல்லிக் கடதாசியில் சுற்றி நீட்டினார். அவர் அதைப் பையில் வைக்கவில்லை. கடதாசியைப் பிரித்து, பாணை எடுத்து, கடைக்காரருடைய தராசிலேயே வைத்தார். தராசு என்ன காட்டியது என்று பின்னால் நின்ற எனக்குத் தெரியவில்லை. கடைக்காரரின் முகம் நன்றாகத் தெரிந்தது.

"மிச்சக் காசைத் திருப்பித் தரட்டோ அன்ரி?"

"காசு வேண்டாம் தம்பி. இனிமேல் இறாத்தல் எண்டு சொல்லாதையும். பாண் எண்டு மட்டும் சொல்லும்."

சொல்லிவிட்டுப் பாணைத் திரும்பவும் அழகாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். கடையில் நின்ற மற்றவர்கள் தங்கள் பாணைக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் தராசு அன்ரி. முகத்துக்கு முன்னால் வெறும் அன்ரி. நான் ஓமந்தைக்காரி, வேலை மாற்றலாகித் தர்மபுரம் போனபோது அவர் வீட்டுப் பக்கத்து அறையில்தான் வாடகைக்கு இருந்தேன். அவர் கலியாண வீடுகளுக்கு ரிச் கேக் செய்து கொடுப்பவர். எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குப் போனவர்கள், சின்னப் பெட்டிக்குள் ஒரு துண்டு கேக் இல்லாமல் வீடு திரும்பினால் அந்தக் கலியாணத்தைப் பற்றிக் கனகாலம் கதை இருக்கும். ரவை, பட்டர், முட்டை, கஜு, பூசணி அல்வா என்று எத்தனை சேர்ந்தாலும் அந்தக் கேக்குக்கு உயிர் கொடுப்பது உலர்ந்த பழம்தான். பேரீச்சம்பழமும் பிளம்ஸும். முந்திரிகை வற்றலுக்குத்தான், அதாவது உலர்ந்த திராட்சைக்குத்தான், நாங்கள் பிளம்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

பின்னேரம் வேலையால் வந்தால் எனக்கு அந்தக் குசினியில் சம்பளமில்லாத வேலையொன்று காத்திருக்கும். பேரீச்சம்பழம் வெட்டுவது. கேக்கை வெட்டும்போது விழுகிற ஓரங்கள் எல்லாம் எனக்கு என்பதுதான் ஒப்பந்தம். அந்த ஓரங்களுக்காக நான் இன்னும் பெரிய வேலையும் செய்திருப்பேன்.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன்.

"தராசிலை நிறுத்தனீரோ?" என்றார்.

"ரெண்டு பேணி எடுத்தனான் அன்ரி."

"விதையோடை ரெண்டு பேணியோ, விதை எடுத்துப்போட்டு ரெண்டு பேணியோ?"

நான் முழித்தேன்.

"வெட்ட முதல் ரெண்டோ, வெட்டின பிறகு ரெண்டோ?"

"அன்ரி, பேணி பேணிதானே?"

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்று அவர் அடுப்பை நிற்பாட்டிவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார். ரின்பால் வருகிற தகரப் பேணி ஒன்றை எடுத்து முழுப் பேரீச்சம்பழத்தால் நிரப்பினார். அதே பழத்தை வெளியே கொட்டி, விதை எடுத்து, வெட்டித் திரும்பப் போட்டார். பேணி பாதியளவில் நின்றது. "பாரும். முதல் இதுக்குள்ளை இருந்ததிலை பாதி விதையும் காத்தும். காத்தைப் போட்டுக் கேக் செய்யேலாது." பிறகு பிளம்ஸ். கடையில் கனநாள் கிடந்து காய்ந்துபோனது பேணியை நிரப்பும், ஆனால் நிறை இருக்காது. புதிசு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இறங்கும், நிறை கூட. மூன்று விதமான பிளம்ஸை ஒரே பேணியால் அளந்து, தராசில் கொட்டி, மூன்று வேறு எண்களை எனக்குக் காட்டினார். காட்டி முடிய, "இப்ப சொல்லும், பேணி பேணிதானோ?" என்றார். இல்லை என்றேன். அடுப்பை மூட்டினார்.

இதெல்லாம் பழத்தின் குற்றம். அவருக்குப் பெரிய சந்தேகம் கையின் மேல்தான். நானும் அவரும் ஒரே பையிலிருந்து ஒரே பேணியால் ஒரே பிளம்ஸை அள்ளினால்கூட இரண்டு நிறை வரும். என் கை தாராளம், ஆசை வேறு. "பேணியிலை பிழை இல்லை, அளக்கிற கையிலைதான் எல்லாம்" என்பார். இந்தச் சந்தேகம் குசினியில் பிறந்ததில்லை. இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் வரிசையில் நின்று பேணிக் கணக்கில் அரிசி வாங்கியிருக்கிறார். அளந்தவர் தெரிந்த முகம் என்றால் பேணியை ஒருதரம் குலுக்கி, இறங்கின இடத்தை நிரப்பிக் கொடுப்பாராம். தெரியாத முகம் என்றால் குலுக்காமல் கவிழ்ப்பாராம். "ஆரும் பிழை பிடிக்கேலாது. எல்லாருக்கும் ஒரு பேணிதானே! ஆனால் எங்கடை பானை அரைவாசிதான் நிறையும்." அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் நேற்று நடந்ததுபோல வரும்.

ஆகவே யாராவது ஒரு கேக் குறிப்பைக் கொண்டுவந்து "ஒரு கப் பிளம்ஸ்" என்று வாசித்தால் போதும். "ஆரின்ர கப்? ஆரின்ர கை?" என்று தொடங்கிவிடுவார். பக்கத்து வளவுப் பெண் ஒருநாள் மகனின் பிறந்தநாளுக்குக் கேக் செய்யக் கணக்குக் கேட்டு வந்தாள். இவர் எல்லாவற்றையும் கிராமில் சொன்னார். அவளிடம் தராசு இல்லை, பேணிக் கணக்கில் சொல்லச் சொல்லிக் கெஞ்சினாள். அன்ரி மாட்டேன் என்றுவிட்டார். பாவம், அவள் முகம் தொங்கப் போனாள். ஆனால் அடுத்த நாள் காலையில் தன் தராசைத் துவாயில் சுற்றி, கைப்பிள்ளையைக் கொண்டுபோவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனதும் இவர்தான். கேக் அடுப்புக்குள் போகும்வரை அங்கேயே கதிரை போட்டு இருந்துவிட்டு வந்தார். பிடிவாதத்துக்குக் கால் முளைத்தால் இப்படித்தான் நடக்கும்.

அவ்வளவு சந்தேகப்பட்ட மனிசிக்குச் சந்தேகமே இல்லாத ஓர் எண் இருந்தது. நூற்றித் தொண்ணூறு. அது அவருடைய தாய் அளந்த ஒரு பேணிப் பழத்தின் நிறை. தாய் ஒருநாளும் தராசு வைத்திருக்கவில்லை. ரின்பால் பேணியால்தான் அளப்பாராம். இரண்டு பேணி பிளம்ஸ், ஒரு பேணி வெட்டின பேரீச்சம்பழம். தாயின் கையை அன்ரி நன்றாகப் பார்த்திருந்தார். அமத்தாமல், குலுக்காமல் நிரப்பி, சுட்டுவிரலால் விளிம்போடு ஒரு இழுப்பு. மேலே நின்றதெல்லாம் திரும்பப் பைக்குள் விழும். அதே மாதிரி எத்தனையோ தரம் செய்து, ஒவ்வொரு தரமும் நிறுத்து, நூற்றித் தொண்ணூறு கிராம் என்று முடிவு கட்டியிருந்தார். கேக் கேட்டு வருகிறவர்களிடம் "பழம் அம்மாவின்ர அளவு, ஒரு கிராம் கூடாது, குறையாது" என்று சொல்வார். சொல்லும்போது தலை நிமிரும். அந்த நிமிர்வைக் கண்டால் எனக்கும் சந்தோசமாக இருக்கும்.

இப்படியிருக்கத்தான் கனடாவிலிருந்து தமக்கை வந்தார். தன் மகளின் கலியாணத்தைக் கிளிநொச்சியில் வைக்க வேண்டும் என்று முடிவு செய்து, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலையும் பார்க்கலாம் என்று முன்கூட்டியே வந்து இறங்கினார். இரண்டு பேருக்கும் இடையில் பதினைந்து வயது இடைவெளி. அன்ரி நடை பழகிய காலத்தில் தமக்கை கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போய்விட்டார். தாய் இறந்தபோது யுத்தம், தமக்கையால் வர முடியவில்லை. வன்னியில் யாருக்கும் அது எந்தக் காலம் என்று விளக்கத் தேவையில்லை. இத்தனை வருசத்துக்குப் பிறகு அவர் தங்கையிடம் கேட்டது ஒன்றுதான்: மகளின் கலியாணத்துக்கு அம்மாவின் கேக். அதைத் தங்கையே செய்ய வேண்டும்.

அன்ரி பிளம்ஸை நிறுக்கத் தொடங்கியபோது தமக்கை குசினிக்குள் வந்தார்.

"என்னடி இது, மருந்து நிறுக்கிற மாதிரி?"

"அம்மாவின்ர அளவு அக்கா. ஒரு பேணிக்கு நூற்றித் தொண்ணூறு."

தமக்கை சிரித்துக்கொண்டு பேணியை எடுத்தார். பிளம்ஸை நிரப்பினார். உள்ளங்கையை வைத்து அமத்தினார். இறங்கின இடத்தில் இன்னும் போட்டு, திரும்ப அமத்தி, கடைசியில் மேலே ஒரு கோபுரமும் கட்டினார். அதைத் தராசில் கொட்டினார். இருநூற்றி எழுபது.

"அம்மா இப்பிடித்தான் அளப்பா."

"அம்மா ஒருநாளும் அமத்தமாட்டா."

"நான் பக்கத்திலை நிண்டு பார்த்தனான்!"

"நானும் பக்கத்திலைதான் நிண்டனான். விரலாலை வழிச்சுத்தான் விடுவா."

"அம்மாவோ? வழிச்சோ? அவாவின்ர கையை உனக்குத் தெரியாது. வாசலுக்கு வந்தவனுக்குக்கூட அளவு குறைச்சுக் குடாதவா."

இவ்வளவோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. வந்த களைப்பு, கலியாண அலுப்பு, என்னவோ, தமக்கையின் வாயில் அது வந்துவிட்டது. "பழத்தைக் குறைச்சுப் போட்டுச் சனத்துக்கு விக்கிறாய். அதுக்கு அம்மாவின்ர பேர் ஒரு கேடோ? எனக்கு இந்தக் கேக் வேண்டாம். யாழ்ப்பாணத்திலை ஓடர் குடுக்கிறன்."

எனக்குக் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது. வேறு யாருக்கும் இதைச் சொல்லலாம். பாணைத் தராசில் வைத்த மனிசிக்குச் சொல்லலாமா? அன்ரி பேணியைத் தள்ளி வைத்தார். தராசைத் துடைத்தார். துடைத்த தராசைத் திரும்பவும் துடைத்தார்.

அடுத்த நாள் காலையில் தண்ணீர் அள்ளும்போது என்னிடம் சொன்னார்: "அக்கா சொல்லுறது சரியெண்டால் நான் இவ்வளவு காலமும் பொய் சொல்லி வித்திருக்கிறன். ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லோணும்."

"விடுங்கோ அன்ரி. ஆர் இப்ப கேட்டது?"

"நான் கேக்கிறன்."

அவர் செய்த முடிவு அவரைப் போலவே இருந்தது. வாதம் வேண்டாம், செய்து பார்ப்போம். ரவை, பட்டர், சீனி, முட்டை எல்லாம் ஒரே அளவில் வைத்து, பழத்தின் நிறையை மட்டும் மாற்றி இரண்டு சின்னக் கேக். ஒன்று நூற்றித் தொண்ணூறு கணக்கில், மற்றது இருநூற்றி எழுபது கணக்கில். ரிச் கேக்கைச் சுட்ட கையோடு சாப்பிட்டால் ருசி தெரியாது, எண்ணெய்த்தாளில் சுற்றிக் கிடக்க விட வேண்டும். அந்த இரண்டு கேக்கும் அலுமாரிக்குள் கிடந்த நாட்களில் அக்காவும் தங்கையும் சோறு போடுகிறதுக்கும் தேத்தண்ணி கொடுக்கிறதுக்கும் மட்டும்தான் கதைத்தார்கள். தமக்கை யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து விலை கேட்டதும் எனக்குத் தெரியும். கலியாணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அன்ரி இரண்டையும் வெட்டித் தட்டில் வைத்தார். என்னையும் கூப்பிட்டார். தமக்கை தன்னுடைய அளவுக் கேக்கை எடுத்து ஒரு கடி கடித்தார். கண் கலங்கிவிட்டது.

"இதுதான். அப்பிடியே அம்மாவின்ர கேக்."

அன்ரி தன்னுடையதைக் கடித்தார். "எனக்கு இதுதான் அம்மாவின்ர கேக்."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தமக்கைதான் மெதுவாகக் கேட்டார்: "நீ சொல்லுறது அப்பா இருக்கேக்கையோ?"

"அப்பாவை எனக்குப் படத்திலைதானே அக்கா தெரியும்."

"அப்ப கடை?"

"எந்தக் கடை? நீங்கள் போனாப் பிறகு கடையும் இல்லை, கடைக்குச் சாமானும் இல்லை, எல்லாத்துக்கும் தடை. பிளம்ஸ் எண்டால் ஆரும் வவுனியாவாலை மறைச்சுக் கொண்டு வந்தால்தான். அம்மா அதிலை கிடைக்கிறதை வாங்கி வருசப்பிறப்புக்கு ஒரு கேக்கும் என்ர பிறந்தநாளுக்கு ஒண்டும் செய்வா."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தகப்பனுடைய பலசரக்குக் கடை நடந்த காலத்தில், சாக்கிலிருந்து அள்ளி அமத்தி அளந்த தாயைத் தமக்கை பார்த்திருக்கிறார். கடையும் போய், புருசனும் போய், ஒரு சின்னப் பிள்ளையோடு தனித்து நின்று விரலால் வழித்த தாயைத் தங்கை பார்த்திருக்கிறார். பேணி ஒன்றுதான். கையும் ஒன்றுதான்.

தமக்கை தங்கையின் கேக்கை எடுத்தார். கடித்தார். மென்றுகொண்டே இருந்தார்.

"எவ்வளவு வித்தியாசம்?"

"பேணிக்கு எண்பது கிராம்."

"எண்பது கிராம்" என்று தமக்கை திருப்பிச் சொன்னார். "அவா எனக்குச் சொல்லேல்லையே. ஒருநாளும் சொல்லேல்லையே." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அன்ரி அழவில்லை. அவர் மற்றக் கேக்கை எடுத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டார். ஒவ்வொரு கடியிலும் பழம். முழுத் துண்டையும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார். "இப்பிடி அமத்தி அளக்கிற அம்மாவை எனக்குத் தெரியாது அக்கா. நான் காணேல்லை." குரலில் கோபம் இருந்தது. யார்மேல் என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. என்னால் அங்கே இருக்க ஏலவில்லை. தேத்தண்ணிக்குக் கேத்தலை வைக்கப் போனேன்.

நான் திரும்பி வரும்போது அடுத்த சண்டை தொடங்கியிருந்தது. இந்த முறை ஆள் மாறிச் சண்டை.

"உன்ர அளவிலைதான் செய்யோணும்" என்றார் தமக்கை. "என்ர பிள்ளையளும் அறியட்டும்."

"இல்லை. கலியாணத்துக்கு இருநூற்றி எழுபது."

"நான் சொல்லுறன், நூற்றித் தொண்ணூறு!"

"அக்கா, அம்மாவுக்கு ஏலுமா இருக்கேக்க போட்ட அளவு இது. மற்றது ஏலாமல் போட்டது. இண்டைக்கு அவா இருந்திருந்தால் பேத்தியின்ர கலியாணத்துக்கு எதைப் போட்டிருப்பா?"

தமக்கை பேணியை எடுத்துத் தங்கையிடம் நீட்டினார். கேக் இருநூற்றி எழுபது கணக்கில் செய்யப்பட்டது. கலியாணம் நல்லபடி முடிந்தது. சின்னப் பெட்டி கிடைக்காமல் யாரும் திரும்பவில்லை.

அதற்குப் பிறகும் மனிசி சும்மா இருந்தாரா? சொன்னபடியே முன்பு கேக் வாங்கிய வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார். துணைக்கு நானும் போனேன். "நான் அம்மாவின்ர அளவு எண்டு சொன்னது, அவா கஷ்டப்பட்ட காலத்து அளவு. நல்ல காலத்து அளவு எனக்குத் தெரிஞ்சிருக்கேல்லை. இனி அதுதான்" என்று வாசலில் நின்றே சொன்னார். சனம் ஒன்றும் விளங்காமல், "கேக் நல்லாத்தானே அன்ரி இருந்தது" என்றது. அவருக்கு அது போதாது. கடைசி வீடுவரை போய்ச் சொல்லி முடித்தார். எனக்குக் கால் உளைந்தது, ஆனால் அப்படி ஒருவரோடு நடந்ததில் எனக்குப் பெருமை.

நான் ஓமந்தைக்குத் திரும்புவதற்குக் கொஞ்ச நாளுக்கு முன் நடந்ததோடு முடிக்கிறேன். அன்ரி ரவையும் பட்டரும் குழைத்துக்கொண்டிருந்தார், நான் வழமைபோலப் பேரீச்சம்பழத்தோடு இருந்தேன். போன் அடித்தது. அவருடைய கை முழுக்க மாவாக இருந்ததால் நான்தான் எடுத்து, சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்தேன். கனடாவிலிருந்து தமக்கை.

"நானும் தராசொண்டு வாங்கினனான்டி. கேக் செய்தனான். நூற்றித் தொண்ணூறுதான் போட்டனான், அதுக்கு மேலை ஒரு பிளம்ஸும் போடேல்லை."

"எப்பிடி வந்தது?"

"வந்தது. மூத்தவன்ர பிள்ளையள்தான், 'என்ன அப்பம்மா, இதிலை பழமே இல்லை' எண்டு கேக்குதுகள்."

குழைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"நானும் அம்மாட்டை அப்பிடித்தான் அக்கா கேட்டனான்."

பிறகு தமக்கை கேட்டார்: "அதுக்கு அம்மா என்ன சொன்னவா?"

"'இருக்கு பிள்ளை, அவசரப்படாமல் தின், வரும்' எண்டவா."